வெள்ளை விளிம்பு டயர்கள்

தேங்காய்ச் சிரட்டை டயருக்குக் கூடாது. உடைத்த சிதறலில் கூரான முனைகள் இருக்கும். வண்டி மேலே ஏறினால் ரப்பருக்குள் இறங்கிவிடும். முரசுமோட்டையில் டிராக்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஏனென்றால் என் மச்சான் நிரஞ்சன் செத்தது, அந்தச் சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது.

நீங்கள் அதை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எழுபது வயது தாண்டிய அமெரிக்கப் பிக்கப், அக்சிலேட்டர் இறுகிவிட்டது, நிறுத்த முடியவில்லை என்று நான்தான் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். இப்போது அவனுடைய மனைவி பிரஷாந்தினி கனடாவிலிருந்து வந்து, வண்டியை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டே தீர வேண்டும் என்று நிற்கிறாள். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். வெட்டுகிற ஆட்கள் நாளைக்கு வருகிறார்களாம். அதற்கு முன் உண்மையை என் கையாலேயே எழுதித் தந்துவிட வேண்டும் என்று வந்தேன். உண்மையைத் தவிர எனக்கு இதில் வேறு அக்கறை இல்லை.

நிரஞ்சன் என் மனைவி சுதாஜினியின் ஒரே தம்பி. மீசை முளைத்த கையோடு கனடாவுக்குப் போனவன். சுதாஜினி போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில், ஷெல் விழுந்து செத்தாள். கூடாரம் போட்டிருந்த தறப்பாளில் சுற்றி ஒரு பனையடியில் புதைத்தேன். சட்டி மூடியால் தோண்டிய குழி, ஆழம் போதாது. முகாமுக்கு வந்த பிறகு தொலைபேசியில் அவனுக்குச் சொன்னேன். அழுதான். எங்கே வைத்தீர்கள் என்று அன்றைக்குக் கேட்கவில்லை, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ வருடங்களிலும் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் இதுதான்.

பிறகு அவனுக்கு இந்தப் பிக்கப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சோளப் பண்ணையில், புல் முளைத்துக் கிடந்ததைத் தேடிப் பிடித்தான். கொள்கலனில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினான். துறைமுகத்தில் என்ன காகிதம் காட்டி எடுத்தான் என்பது எனக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரருக்கு எந்தக் கதவும் திறக்கும். நீட்டு லொறியில் ஏ ஒன்பது வீதியால் கொண்டுவந்து, நான் டிராக்டர் திருத்தும் கராச்சில் இறக்கினார்கள்.

பச்சை வர்ணம் செதிலாய் உரிந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் நிலம் தெரிந்தது. நிரஞ்சன் மண்ணில் முழங்காலில் இருந்து, கதவுக்கு அடியில் துரு தின்ற ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

“எவ்வளவு பாடுபட்டிருக்கு பாருங்கோ அத்தான். தனியக் கிடந்து உக்கிப் போச்சு.”

என் கராச்சின் கூரைத் தகரத்தில் போர்க்காலத்துத் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அவன் நிமிர்ந்து அவற்றைப் பார்த்தான். அப்போதாவது வாயில் ஏதாவது வரும் என்று நின்றேன்.

“மழை வந்தா வண்டிக்கு மேல ஒழுகும். தகரத்தை மாத்துங்கோ,” என்றான்.

மாற்றினேன். வண்டியின் அடித்தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டினேன். எஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் கழுவினேன். தண்ணீர் தேங்கக் கூடாது என்று கதவுகளின் அடியில் துளைகள் இட்டேன். அவன் விடுமுறைக்கு வந்து, கையுறை போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம் எடுப்பான். “இது உங்கட டிராக்டர் இல்லை அத்தான், சுத்தியலைக் கீழ வையுங்கோ,” என்பான். அவன் திரும்பிப் போன பிறகு கராச் அமைதியாகிவிடும். வேலை முடிந்ததும் நான் வண்டிக்குள் ஏறி இருப்பேன். அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். முதலில் அது கைக்கு வரவில்லை, பிறகு மற்ற வண்டிகள்தான் கோணலாகத் தெரிந்தன. எஞ்சின் முதன்முதலாக மூச்சுவிட்ட அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

கடைசியாக வந்தபோது வெள்ளை விளிம்பு வைத்த டயர்கள் கொண்டுவந்தான். பூட்டி முடித்து, துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“கொழும்பில ஒரு ஹோட்டல் வாசலில நிப்பாட்டப் போறன் அத்தான். வாற போற வெள்ளைக்காரர் படம் எடுப்பினம்.”

“அப்ப இஞ்ச நிக்காதோ?”

“இஞ்ச ஆர் இதைப் பாக்கப் போகினம்?”

ஓம், சரி என்றேன். அதில் எனக்குக் கோபமே இல்லை. வண்டி அவனுடையது, அவன் எங்கேயும் நிறுத்தலாம். இந்த இடத்தை நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. எனக்குள் கிடந்து கொதித்தது சுதாஜினியின் கதை மட்டும்தான்.

கொழும்புக்குப் போகமுன் பூசை செய்ய வேண்டும் என்று அவனே சொன்னான். வாய்க்கால் கரைப் பிள்ளையாரடிக்குக் கொண்டுபோனோம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். சொந்தக்காரன் வண்டிக்கு முன்னால் கல்லில் தேங்காய் உடைப்பான். அதன் பிறகு சாரதி ஒரு முழம் முன்னுக்கு எடுத்துப் பழங்களை நசுக்குவான். தேங்காய் உடைக்கிறவன் ஸ்டியரிங்கில் இருக்க முடியாது. ஆகவே ஸ்டியரிங்கில் நான் இருந்தேன்.

வண்டியைக் கல்லுக்குக் கிட்ட விட்டேன். “என்ன அத்தான், நல்லாக் கிட்ட விட்டிட்டியள்,” என்றான். “சிதறல் தூரத்துக்குப் போகாது,” என்றேன். ஓங்கி ஒரே அடியில் உடைத்தான். துண்டுகள் முன் டயர்களுக்குக் கீழே தெறித்தன. “விடுங்கோ தம்பி, கூட்டுவினம்,” என்று பூசை செய்த ஐயர் சொன்னார். நிரஞ்சன் விட மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அந்த வெள்ளை விளிம்பில் ஒரு கீறல் விழ அவன் பொறுப்பானா? வண்டி வந்து இறங்கிய அன்று கராச்சில் இருந்தது மாதிரியே முழங்காலில் இருந்தான். தலை எஞ்சின் மூடியான பொனற்றுக்குக் கீழே மறைந்துவிட்டது. பொறுக்கிய துண்டைக் கல்லின் மேல் வைக்கும் கை மட்டும் தெரிந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் விழுந்திருந்தது. கிளச்சை விட்டேன். அக்சிலேட்டர் இறுகவில்லை, ஐயா. நான் அதை அடிவரை மிதித்தேன். கல் வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

பூசை பார்க்க அத்தனை சனம் நின்றும் என் காலை ஒருவரும் காணவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சாரதி என்றால் வலப்பக்கம். ஐயர் ஓடிவந்து வலப்பக்க யன்னலுக்குள் தலையை விட்டு, “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்று கத்தினார். அங்கே இருக்கையில் ஒரு பூமாலை மட்டும் இருந்தது. பிறகு இறங்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கியிருந்தன.

“காவு எடுத்திட்டுது சனியன்,” என்று பக்கத்து வீட்டுக் கமலாசனியக்கா மண் அள்ளி வண்டிக்கு எறிந்தார். வேறொருவர் கல்லால் கண்ணாடியை உடைத்தார். அதுதான் அன்றைக்கு என்னால் பார்க்க முடியாமல் போனது. குற்றம் செய்யாத ஒன்றைப் போட்டு அடித்தார்கள்.

எழுதுவதென்றால் முழுதாக எழுத வேண்டும், ஒன்றை விட்டுவிட்டேன். தேங்காயைக் கையில் எடுக்கமுன் நிரஞ்சன் என் பக்க யன்னலுக்கு வந்தான். அந்த மாலையை எட்டிப் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

“முதல் ஓட்டம் அக்காவை வச்ச இடத்துக்குப் போவம் அத்தான். நீங்கள்தான் காட்ட வேணும். இவ்வளவு நாளும் கேக்கப் பயமாக் கிடந்தது.”

“ஓம், போவம்,” என்றேன். அவன் என் தோளைத் தொட்டுவிட்டுத் தேங்காயை எடுக்கப் போனான்.

அதனால் என் காரணம் மாறிவிடாது. கேட்க வேண்டிய காலத்தில் அவன் கேட்கவில்லை. பிந்திக் கேட்டால் கேட்டதாகாது.

ஆகவே, ஐயா, கொன்றது நான். தெரிந்து, யோசித்து, என் காலால் மிதித்துக் கொன்றேன். வண்டியில் ஒரு பிழையும் இல்லை. அக்சிலேட்டர் கம்பியை எந்த மெக்கானிக்கையும் கொண்டு சோதியுங்கள், நான் பூட்டியது, வழுக்கிக்கொண்டு ஓடும். வெட்ட வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். பிரஷாந்தினிக்கு யார் மீதாவது ஆத்திரம் தீர வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

இங்கே வரும்போது பார்த்தேன், உங்கள் பொலிஸ் நிலைய வளவில் வேலியோரமாக வெட்டவெளியில் நிற்கிறது. மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. கதவுகளின் அடித்துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடச் சொல்லுங்கள், அடைத்திருந்தால் தண்ணீர் நின்று அங்கேதான் துரு தொடங்கும். நல்ல தறப்பாளாக ஒன்று எடுத்து மூடுங்கள். சுதாஜினியை வைத்த இடத்துக்கு நான் போய்ப் பல வருடங்கள், அந்தப் பனை நிற்கிறதோ தெரியாது. வண்டியை மட்டும் நனையவிடாதீர்கள்.