பக்கத்து அறைவரை கூட வந்தவருக்கு

அன்பையும் அறிவையும் அளவறிந்து கலந்த அம்மையே! சொல்லுக்கு முன் செவி தந்த சீர்மையே! கலங்கி வந்தோரைக் கனிவுடன் கரைசேர்த்த இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமை மனநல ஆலோசகரே! வணக்கம்.

இத்தனை அடைமொழிகளைக் கேட்டுத் தாங்கள் நாற்காலியில் நெளிவது எங்களுக்குத் தெரிகிறது. பொறுத்தருள்க. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடலில் இந்த அளவாவது இல்லாவிட்டால் மடல் என்று யார் நம்புவார்கள்? தாங்கள் பிறந்த நாள் முதலே பொறுமைசாலி, கோபமே அறியாதவர் என்றெல்லாம் எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் மின்விசிறி பழுதான நாட்களில் தங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். எனவே தாங்கள் தோற்றுப்போன ஒரு கதையைச் சொல்லித் தங்களைப் பாராட்டத் துணிந்தோம்.

அது பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கதை. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். வாசித்துப் பார்த்து, "நான் அழுதத விட்டுட்டீங்களே, அதையும் போடுங்க" என்று சேர்க்கச் சொன்னவரும் அவரே.

மழைநாள் ஒன்றில் அவர் ஓட்டிய பேருந்து வளைவில் சறுக்கிச் சுவரில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, நடத்துநருக்குக் கை முறிந்தது. கை கூடிவிட்டது, ஓட்டுநருக்குத்தான் வண்டியில் ஏறக் கால் வரவில்லை. வண்டியின் படியைப் பார்த்தாலே திரும்பி நடந்துவிடுவார். மாத முடிவுக்குள் ஓட்டாவிட்டால் வாயில் காவலுக்கு மாற்றிவிடுவோம் என்றது பணிமனை. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதையும் தன் வேலை என்று அவர் நினைத்ததே இல்லை. ஆகவே ஆலோசகர்களைத் தேடி அலைந்தார். ஒருவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தம் கதையைச் சொல்லி ஓய்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. பிறகுதான் தங்களிடம் வந்து சேர்ந்தார்.

தங்களை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வம்பே அங்கேதான் ஆரம்பம். நின்றிருக்கும் வண்டியில் தினமும் ஏறி உட்காரச் சொன்னீர்கள். அவர் பணிமனைக்குப் போவார், வண்டி கழுவும் கொட்டகைக்குப் பின்னால் நின்று தேநீர் குடிப்பார், திரும்பி வந்து, "உக்காந்தேன் அம்மா, இப்ப நல்லா இருக்கேன்" என்பார். உடனே தங்கள் முகம் மலரும். அந்த முகத்தை வாடவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதை நம்பி, இவர் தயார் என்று பணிமனைக்குத் தாங்களே தொலைபேசியில் சொன்னீர்கள்.

மறுநாள் சக ஓட்டுநர்கள் எல்லாரும் பார்த்து நிற்க, அவர் கைப்பிடியைப் பிடித்தார். கால் எழவில்லை. படியிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

அழுத முகத்தோடு நேரே தங்களிடம் வந்தார். "அம்மா, உங்களப் பாத்தா பொய் சொல்லத்தான் தோணுது" என்றார். தாங்கள் ஒரு குவளைத் தண்ணீரை அவரிடம் நீட்டிவிட்டு, பக்கத்து அறை ஆலோசகரான எங்கள் கறார் சாரிடம் போகலாம் என்றீர்கள்.

"என்னக் கைகழுவுறீங்களா அம்மா?"

"இல்லப்பா. நீங்க சொன்னத அப்படியே நம்பினது என் தப்பு. எங்கிட்ட நீங்க நல்ல பிள்ளையாவே நடந்துக்கிறீங்க. உங்களுக்கு மூஞ்சியச் சுளிக்கிற ஆள்தான் சரிப்படும்."

சொன்னதோடு நில்லாமல், அவருடைய குடையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைவரை கூட நடந்தீர்கள். அன்று மாலையே பணிமனைக்குப் போய், "தவறு என்னுடையது" என்று சொல்லி அவகாசம் வாங்கினீர்கள்.

கறார் சார் சிரிக்கமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். இங்கே இந்த மடலை உரக்க வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே. இந்த வரிக்கும் சிரித்திருக்கமாட்டார். "ஏறினீங்களா, இல்லையா?" என்பார். "இல்ல." "சரி, எது தடுத்துச்சு?" அந்த முகத்துக்காகப் பொய் சொல்ல ஓட்டுநருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. உண்மை வந்தது, அதற்குப் பிறகுதான் உழைப்பும் வந்தது. முதலில் கடைசி இருக்கையில் பயணிபோல உட்கார்ந்தார். பிறகு வரிசை வரிசையாக முன்னே நகர்ந்தார். சில நாள் பின்வாங்கினார். "என் கைதான்யா ஒடஞ்சுது, ஒனக்கென்ன?" என்று கேலி பேசியபடி நடத்துநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஓட்டுநர் இருக்கைக்கு ஏறும் கடைசிப் படியில் ஓட்டுநரின் காலை வேறு யாரும் தூக்கி வைக்கவில்லை. அவரேதான் ஏறினார், அவரேதான் ஓட்டினார்.

அதற்குப் பின் தாங்கள் கொண்டுவந்த வழக்கம் இன்றும் நம் நிலையத்தில் இருக்கிறது. புதிதாக வருபவரைச் சில நாள் கழித்து வேறொரு ஆலோசகர் தனியே அழைத்து, "இவங்க உங்களுக்கு ஒத்துவராங்களா?" என்று கேட்கவேண்டும். தங்களிடமிருந்தே பலர் எங்களிடம் மாறி வந்தார்கள். ஒவ்வொருவரையும் தாங்களே கூட்டிவந்து விட்டீர்கள், ஒருநாளும் முகம் வாடாமல். இதைவிடப் பெரிய மனசை நாங்கள் பார்த்ததில்லை.

அம்மையே! ஓய்வுச் செய்தி வந்த நாளிலிருந்து நாங்கள் எப்போது கேட்டாலும் தாங்கள் சொல்வது ஒரே பதில்: "நல்லா இருக்கேன்." ஓட்டுநர் இதைக் கேள்விப்பட்டதும் தலையை ஆட்டினார். "அது கொட்டகைக்குப் பின்னால தேநீர் குடிக்கிற பேச்சு சார்" என்றார்.

தாங்கள் நோயின்றி நீடு வாழ்க! நிறைய உறங்குக! காலியான காலைகள் கனக்கும்போது, தங்களுக்கு ஒத்துவரும் ஆலோசகர் ஒருவரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுக! எங்களில் ஒருவர் அதற்கு வேண்டாம். எங்கள் முகம் வாடக்கூடாதென்று தாங்கள் பொய் சொல்வீர்கள். வெளியே வண்டியோடு ஓட்டுநர் காத்திருக்கிறார். எந்த அறையானாலும் அதன் வாசல்வரை தங்கள் குடையை எடுத்துக்கொண்டு நாங்கள் கூட வருகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அறையை இன்னும் எவருக்கும் ஒதுக்க மனம் வராத
ஆலோசனை நிலையப் பணியாளர்கள்