பதினேழாம் நம்பர் ஜவ்வு

இருங்க மேடம், கப்ப நீங்க தூக்காதீங்க, நான் பிடிச்சுக்கறேன். மெதுவா... ஆங். பரவால்ல, மடியில ரெண்டு சொட்டுதான்.

லேப்ல எல்லாரும் சௌக்கியம். உங்க ரூம்ல இப்ப புது ஹெட் உக்காந்திருக்காரு. வந்த மறுநாளே உங்க நாற்காலியத் தூக்கி வராந்தாவுல போட்டுட்டாரு. நானா? நேத்தோட ரிட்டயர் ஆயிட்டேன். இருபத்திரெண்டு வருஷம் உங்ககிட்ட குப்பை கொட்டியிருக்கேன், சொல்லிட்டுப் போகவேண்டாமா?

காலையில விரல் பிரியவே ஒரு மணி நேரம் ஆகுதா? ஆகும், ஆகும். முடக்குவாதம்னா சும்மாவா? உங்க மூட்டுக்குள்ள இருக்கற ஜவ்வுல உள்ள செல்லுங்கள நான் தட்டுல வச்சு வளத்தவளாச்சே. நல்லா இருக்கறவங்க செல்லு சாதுவா படுத்துக் கிடக்கும். இந்த வியாதிக்காரங்க செல்லு அப்படியா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். ஒண்ணு ரசாயனத்துல சேதி விடும், பக்கத்துல இருக்கறது அத வாங்கி உள்ள அனுப்பும், உள்ள கைமாறிக் கைமாறி செல்லோட நடு மையத்துக்குப் போய்ச் சேரும். எலும்ப அரின்னு உத்தரவு. புரளி பரவற மாதிரிதான்.

அந்தப் புரளி வெளிய அடங்கினாலும் உள்ள அடங்காதுன்னு மொதல்ல பாத்தது யாரு மேடம்? சேதி தர ரசாயனத்தச் சுத்தமா கழுவி விட்டுட்டு நாலு நாள் கழிச்சுப் பாக்கறேன், அதுங்க பழைய ஆட்டத்த அப்படியே ஆடுது. நோட்டுல எழுதி எடுத்துக்கிட்டு மூச்சிரைக்க உங்க ரூமுக்கு ஓடியாந்தேன். நீங்க நிமிந்துகூடப் பாக்கல. ஆறே மாசத்துல உங்க பேர்ல கட்டுரை வந்துச்சு, விருது வந்துச்சு. ஒரு ஓரத்துலயாவது என் பேரப் போட்டிருக்கலாமேன்னு கேட்டேன். அன்னைக்கு பதினோரு பேர் நின்னாங்க. தட்டு கழுவறவளுக்குப் பேரு எதுக்கும்மான்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது, வயித்துப் பொழப்பு.

அழாதீங்க. அப்புறம் அதையும் நான்தான் தொடைக்கணும்.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வருஷம் உங்க முழங்கால்ல ஆபரேஷன் பண்ணாங்கல்ல? எடுத்த ஜவ்வு நம்ம லேபுக்குத்தான் வந்துச்சு. பேரில்ல, வெறும் பதினேழுன்னு நம்பர். தேதியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த வியாதிக்குப் புது மாத்திரையக் குடுத்துப் பாக்க ஆள் எடுத்தாங்களே, யார் செல்லு மருந்துக்கு அடங்குதோ அவங்களுக்கு மட்டும்தான்னு? உங்களுக்கு அடங்கலையாம்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லி அழுதீங்க.

அடங்குச்சு மேடம். முப்பத்தோரு பேர்ல உங்களுதுதான் மொதல்ல அடங்குச்சு. மூணே நாள், பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுத்துக்கிச்சு. நான்தான் அடங்கலன்னு எழுதினேன்.

யார்கிட்ட வேணா சொல்லுங்க. ரிப்போர்ட்டுல இருக்கறது உங்க கையெழுத்து. பதினேழு யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். எதையும் படிக்காமப் போட்டுத்தானே பழக்கம். அன்னைக்கே பேனா நிக்கல உங்களுக்கு, ரெண்டு கையாலயும் பிடிச்சுப் போட்டீங்க. தாள் நகராம அமுக்கிக்கிட்டு நின்னது நான்.

இப்பவா? இப்ப அந்த மாத்திரையத் தின்னு என்ன ஆகப்போகுது? சேதியத்தான் நிறுத்தும். அரிச்சுப்போன எலும்பு திரும்பி வருமா?

மாத்திரைக்கு உங்க எடத்துல யாரா? ஒரு தையல்காரர சேத்துக்கிட்டாங்க. போன வாரம் லேபுக்கே வந்திருந்தாரு. விரலே மடங்காம இருந்தவரு, ஊசியில நூல் கோத்துக் காட்டினாரு மேடம், நாங்க எல்லாரும் கைதட்டினோம்.