சுண்ணாம்புக் கம்புகள்

முதலில் இந்தப் பீச் பழத்தைச் சாப்பிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். கடித்தால் சாறு முழங்கை வழியாக ஓடி உங்கள் பூட்ஸை நிரப்பிவிடும். வர்ஜீனியாவில் இதைத் தின்றபின் என்னைக் கடிந்து பேசிய பாதிரியார் ஒருவர்கூட இல்லை. வடக்கும் தெற்கும் மோதிய போரில் என் தோட்டத்துக் கிளை ஒன்றுகூட ஒடியவில்லை. அது எப்படி என்றுதானே கேட்க வந்தீர்கள்?

எங்கள் ஆற்றில் ஒரு வழக்கம். வசந்தகால வெள்ளம் வடிந்ததும், வண்டிகள் ஆற்றைக் கடக்கும் ஆழமில்லாத கடவின் இரு ஓரமும் சுண்ணாம்பு பூசிய கம்புகளை நடுவோம். கடவுக்குப் பக்கத்தில் இருப்பவனின் வேலை அது. அதாவது என் வேலை. வேதத்தைச் சந்தேகித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கம்புகளைச் சந்தேகித்தவன் ஒருவனும் இல்லை.

அந்த ஜூனில் எதிர்க்கரையில் வடக்கின் படை வந்து இறங்கியது. அவர்கள் மூட்டிய அடுப்புப் புகையில் சூரியன் மதியம்வரை வழி தெரியாமல் அலைந்தது. எங்கள் பின்னால், குன்றின்மேல், தெற்கின் பீரங்கிகள். நடுவில், பழுக்கக் காத்திருந்த என் மரங்கள்.

கம்புகளைப் பிடுங்கிக் கீழ்ப்பக்கம் அண்டைவீட்டு லெமுவேல் ஹாட்சரின் கரைக்கு எதிரே நட்டேன். அங்கே பாதி ஆறுவரை கணுக்கால் தண்ணீர்தான். அதன்பின் ஒரு மடு. அதில் விழுந்த மாடு சீனாவில் கரையேறியதாகச் சொல்வோம்.

நனைந்த கால்சட்டையோடு வரும்போது லெமுவேல் வேலியில் சாய்ந்து நின்றான்.

"என்ன ஓபெட், மீன் பிடிச்சியா, இல்ல பொண்டாட்டிக்குப் பயந்து தண்ணியில ஒளிஞ்சிருந்தியா?"

"மடுப்பக்கம் எவனும் வராம எச்சரிக்கைக் கம்பு நட்டேன்டா."

"நல்ல மனுசன்யா நீ. என் வீட்டுக்காரி கெசையாவையும் பிள்ளைங்களையும் அவ அக்கா வீட்டுல விட்டுட்டு வரலாமான்னு பாக்கறேன்."

"எதுக்கு? அவனுங்க என் வாசல் வழியாத்தான் வருவானுங்க. உன் நிலவறையைவிடப் பத்திரமான இடம் ஏது?"

யோசித்துத்தான் சொன்னேன். அவன் புகைபோக்கியில் புகை நின்றால், கடவு இருக்கும் கரையில் குடித்தனம் இல்லையே என்று வேவுக்காரர்களுக்குச் சந்தேகம் வரும்.

சாயங்காலம் வடக்கின் நீலச் சட்டை லெப்டினன்ட் ஒருவன் குதிரையில் ஆற்றில் இறங்கினான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"பெரியவரே, கடவு இதுதானா?" என்று கத்தினான்.

"கம்பு நட்டிருக்கே, தம்பி. கண்ணு தெரியலையா?"

சிரித்துவிட்டுத் தொப்பியைத் தொட்டு வணங்கித் திரும்பிப்போனான். குன்றின்மேல் இருந்தவர்களும் அதே கம்புகளைப் பார்த்துப் பீரங்கிகளை லெமுவேலின் கரைக்குத் திருப்பினார்கள். அந்தப் போர் முழுக்க இரு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தக் கம்புகள்தான்.

மறுநாள் விடிந்ததும் வண்டிகள் இறங்கின. முன்னால் போனவர்கள் மடுவில் மறைந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் அவர்கள்மேல் இறங்கினார்கள். குண்டுகள் ஆற்றைத் தாண்டியும் விழுந்தன, தாண்டாமலும் விழுந்தன. மதியத்துக்குள் ஹாட்சர் வீடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. நிலவறையும் அதற்குள்தான்.

அந்த ஆண்டு விளைச்சலைப்போல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோடைதோறும் முதல் கூடையை அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு வருகிறேன். எடுத்துக்கொள்ள ஆளில்லைதான். ஆனாலும் அண்டைவீட்டாரை நான் மறந்தேன் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது பாருங்கள்.