மேல்தட்டுக் கோப்பையைக் கேட்ட அம்மையாருக்கு

டாவோஸ் மலைச்சரிவில் உள்ள எமது புனர்வாழ்வு வைத்தியசாலையின் சிகிச்சை உதவியாளராக இருந்து இன்று ஓய்வுபெறும் பெருமதிப்பிற்குரிய ஜெயகௌரி அம்மையார் அவர்களே! பனி பொழியும் மலையிலும் பணி பிழையாத பண்பின் உறைவிடமே! மொழி அறியா நோயாளரின் வலி அறிந்த வாஞ்சையே! வணங்குகின்றோம்.

தங்களை நேர்நின்று புகழ எங்களுக்கு நா எழவில்லை. ஆதலால், சபையோர் பொறுத்தருள, இடையில் சிறிது நேரம் தங்களை ‘அவர்’ என்றே சொல்லிச் செல்லப் பணிவுடன் அனுமதி வேண்டுகின்றோம்.

ஒரு நோயாளிக்குச் சிகிச்சை தொடர வேண்டுமாயின், அவரது நிலையைத் தவணைதோறும் மீளச் சான்றுப்படுத்திக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கணினி வந்தபின் அவ்வேலை எளிதாயிற்று; பிழையும் எளிதாயிற்று. ‘வலி இல்லை’ என்று ஒருமுறை பதிந்துவிட்டால், மிச்சத்தை மென்பொருளே ‘குணமாயிற்று’ என்று நிரப்பிவிடும். எங்கள் தமிழ் ஆட்களோ, எவர் நலம் கேட்டாலும் நல்ல சுகம் என்றே சொல்லிப் பழகியவர்கள்.

அதனால் அவர்களுக்காக மொழிபெயர்க்கப் போகும் அம்மையார் ஒருநாளும் “நோகுதோ?” என்று கேட்டதில்லை. ஹோட்டல் சமையலறை வாசலில் உறைபனியில் வழுக்கி வலத்தோள் முறிந்து வந்த மூத்ததம்பியிடமும் அவர் கேட்டது வேறு.

“தம்பி, அந்த மேல்தட்டில இருக்கிற கோப்பையை ஒருக்கா எடுத்துத் தாங்கோ பாப்பம்.”

“என்னக்கா, இஞ்சையும் என்னைக் கோப்பை கழுவ விடப்போறியளோ?”

சிரித்தபடி உயர்ந்த கை பாதியில் நின்றது. முகம் சுருங்கியது. கை அதற்குமேல் எழவில்லை, நோகிறது என்று அம்மையார் சொல்ல, சிகிச்சையாளர் அதை அப்படியே கணினியில் பதிந்தார், சிகிச்சையும் தொடர்ந்தது.

அடுத்த தவணை நாளில் அம்மையார் வரவில்லை. நோயாளரைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு அன்று காலை அவரைக் கட்டிலை விட்டு எழவிடவில்லை. எங்களுக்கோ தொலைபேசியில் காய்ச்சல் என்றார். புதிதாய் வந்திருந்த இளம் சிகிச்சையாளர் மூத்ததம்பியிடம் புன்னகையோடு நலம் கேட்டார். “குட், குட்” என்றார் அவர். ‘வலி இல்லை’ என்று பதிவாயிற்று. அறிக்கை போயிற்று, சிகிச்சை நின்றது.

திரும்பி வந்த அம்மையார், அனுப்பிய அறிக்கையை மீண்டும் திறந்து திருத்த இயலாது என்று அறிந்து இடிந்து போனார். வைத்தியரிடம் மன்றாடி விளக்கக் கடிதம் அனுப்பச் செய்தார். நோயாளியின் சொந்த வாக்கே போதும் என்று காப்புறுதி நிறுவனத்திடமிருந்து மறுமொழி வந்தது.

“ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டெல்லோ கேட்டது அக்கா. நோகுதெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அம்மையாரும் அன்று முதுகுவலியை மறைத்துக் காய்ச்சல் என்றுதானே சொல்லியிருந்தார்!

அம்மையீர்! மூத்ததம்பி வேலையிழந்து இதோ முன்வரிசையில் இருக்கிறார். தங்களுக்கு மாலை சூட்ட அவரால் இயலாது. இடக்கையால் நீட்டுவார், தாங்களே வாங்கி அணிந்துகொள்ளுங்கள். தங்கள் இடத்துக்கு எவரையும் நியமிப்பதில்லை என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. சமையற்கட்டிலும் துப்புரவிலும் நிற்கும் எங்களுக்குச் சிகிச்சை அறைக்குள் பேச்சுரிமை இல்லை. நாளை அங்கே எங்கள் ஆட்கள் “குட், குட்” என்பார்கள். கணினி அதை நம்பும். தடுக்க வழியறியோம். நல்வாழ்த்துக் கூற வேண்டிய மடலில் இதை எழுத நேர்ந்தமைக்கு மன்னிப்பீர்களாக.

சற்றுமுன் இம்மேடைப் படியில், “முதுகு எப்படியக்கா?” என்று எங்கள் தனுஷியா கேட்டாள். “ஓம், நல்லாயிருக்கிறன்” என்றீர்கள், கைப்பிடியை இறுகப் பற்றியபடி.

நீடு வாழ்வீர்! நோயற்று வாழ்வீர்! ஆனால் இனித் தங்களிடம் ஒருபோதும் நலம் கேட்கமாட்டோம். எங்கள் வீடுகளுக்கு வாருங்கள். மேல்தட்டில் ஒரு கோப்பை வைத்திருப்போம். எடுத்துத் தாருங்கள், பார்க்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வாடும்
தமிழ்ப் பணியாளர்கள்
டாவோஸ், பங்குனி 1998