தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை

— அம்மா, ஒண்ணும் ஆகல. ஆனா பூதம் அழறான்.

— தம்பியைப் பூதம்னு சொல்லாதே. எதுக்கு அழறான்?

— நீ பாத்ரூம்ல மாட்டிக்கிட்டியாம். இனிமே வெளியவே வர மாட்டியாம்.

— யாரு சொன்னா அவன்கிட்ட?

— நான்தான். அவனுக்கும் தெரியணும்ல?

— அடிப்பாவி. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகிக்கிச்சு, அவ்வளவுதான். தானா இளகிடும். நீ அவனைக் கூட்டிட்டுப் போய் டிவி முன்னாடி உக்காரு. சத்தம் போட்டீங்கன்னா இன்னும் இறுகிக்கும்.

— தாழ்ப்பாளுக்குக் காது கேக்குமா?

— இந்தத் தாழ்ப்பாளுக்குக் கேக்கும். போடி என் தங்கம்.

— ஹலோ? போன்ல இருக்கீங்களா? யார்கிட்டயோ பேசற மாதிரி இருந்துச்சே.

— இருக்கேன் மேடம். டிவி மேடம் அது. குறைச்சுட்டேன்.

— சரி. இன்டர்வியூ மதியம்னு சொல்லியிருந்தோம், நான் காலையிலயே கூப்பிட்டுட்டேன். சிரமம் ஒண்ணும் இல்லையே?

— ஐயோ, ஒரு சிரமமும் இல்ல மேடம். மதியம்னா பசங்க தூங்கி... மதியம்னா வெயில். காலையே நல்லது.

— வேலை என்னன்னு தெரியும்ல? எங்க வாஷிங் மெஷின் வாங்கினவங்க புகார் சொல்லக் கூப்பிடுவாங்க. வீட்டுல உக்காந்தே பதில் சொல்லணும். பின்னாடி ஒரு சத்தம் கேக்கக் கூடாது. பதிவுக்காகக் கேட்கறேன், தனி அறை இருக்கா?

— இருக்கு மேடம். இப்ப அதுலதான் இருக்கேன்.

— கதவு மூடற வசதி?

— நல்லா மூடும். தாழ்ப்பாள் உண்டு. வீட்டுலயே இந்த அறைக்கு மட்டும்தான் உண்டு.

— பதிவுக்காகக் கேட்கறேன், சின்னப் பசங்க இருக்காங்களா?

— இருக்காங்க மேடம். ஆனா பகல்ல அவங்க அத்தை வீட்டுல இருப்பாங்க. அத்தைக்கு இவங்கன்னா உயிரு.

— நல்லது. இதுக்கு முன்னாடி?

— ஹோட்டல்ல வரவேற்புல இருந்தேன். பெரியவ பிறந்ததும் நின்னுட்டேன். அப்புறம் ரெண்டு இடத்துல கேட்டேன், பசங்க இருக்காங்கன்னதும் 'சொல்லி அனுப்பறோம்'னாங்க. இன்னும் சொல்லி அனுப்பிட்டே இருக்காங்க.

— இந்த வேலை எதுக்குன்னு ஒரு வரியில சொல்லுங்க.

— உண்மையைச் சொல்லட்டுமா? ஆறு வருஷமா நான் பேசறதெல்லாம் 'கையை எடு, வாயைத் திற, மூக்கைச் சிந்து'. சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்டயும் அதையே சொல்லிடறேன். அவரும் சிந்தறாரு. வளந்த ஆளுங்களோட ஒரு முழுப் பேச்சு பேசணும் மேடம். திட்டினாலும் பரவாயில்ல.

— திட்டுவாங்க, அதுல குறை இருக்காது. சரி, ஒரு சோதனை. நான்தான் வாடிக்கையாளர். கடுங்கோவத்துல இருக்கேன். ஆரம்பிக்கட்டுமா?

— ஆரம்பிங்க மேடம்.

— என்னம்மா மெஷின் குடுத்திருக்கீங்க? வாங்கின நாள்லேருந்து பேய் பிடிச்ச மாதிரி ஆடுது!

— அம்மா, ஒண்ணும் ஆகல. ஆனா தண்ணி வருது.

— எங்கேருந்து வருது?

— அடியிலேருந்துதான் வருது, வேற எங்கேருந்து வரும்? வீடு பூரா தண்ணி!

— பூதம் தொட்டியைச் சாய்ச்சுட்டான்மா. மீன் வச்சிருக்கோமே, அந்தத் தொட்டி.

— பதட்டப்படாதீங்க. முதல்ல, உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே?

— உயிரா? துணி துவைக்கற மெஷின்மா இது!

— மீனை டம்ளர்ல விட்டுட்டேன். நீந்துது. ஆனா பால் டம்ளர்.

— அதை உடனே மாத்திடுங்க. நல்ல தண்ணி பாத்து மாத்துங்க. பழைய துணி எடுத்து ஈரத்து மேல போடுங்க. நீங்க மட்டும் அந்த ஈரத்துல கால் வைக்காதீங்க. வழுக்கி விழுந்தீங்கன்னா எங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்.

— எதுக்கும்மா என்னை 'நீங்க'ங்கற? நான் என்ன டீச்சரா?

— கோவத்துல இருக்கற வாடிக்கையாளர்கிட்ட 'வழுக்கி விழாதீங்க'ன்னு யாரும் சொன்னதில்ல. குறிச்சுக்கறேன். ஆனா 'நல்ல தண்ணி பாத்து மாத்துங்க'ன்னது எனக்குப் புரியல.

— குழாய்த் தண்ணியைச் சொன்னேன் மேடம். உப்பா இருந்தா மெஷின் கெட்டுடும்.

— ஆமால்ல. ஒரு நிமிஷம் இருங்க, ஹோல்டுல போடறேன்.

— சிட்டு! ஏய் சிட்டு! கேக்குதா?

— கேக்குது. மீன் வெள்ளையா ஆயிடுச்சு. கழுவினா போயிடுமா?

— மீனைக் கழுவாதே! தண்ணியில விட்டா போதும். தம்பி எங்க?

— ஈரத்துல படுத்து நீச்சலடிக்கறான். ரொம்ப சந்தோஷமா இருக்கான். அம்மா, கீழ் வீட்டு மாமாவைக் கூப்பிடட்டுமா? அவர் கார்ப்பெண்டர்தானே. கதவைத் திறந்துடுவாரு.

— வேண்டாம்! யாரையும் கூப்பிடாதே. நான் நல்லாத்தான் இருக்கேன்.

— உள்ள பசிக்குதா? கதவுக்கு அடியில பிஸ்கட் தள்ளட்டுமா?

— பசிக்கல.

— தள்ளிட்டேன். பாதி பூதம் கடிச்சது.

— மன்னிக்கணும், ஹோல்டுல போட்டுட்டேன். பதிவுக்காகக் கேட்கறேன், ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசினா சமாளிப்பீங்களா?

— அது ஒண்ணுதான் மேடம் எனக்கு நல்லா வரும்.

— எப்படிச் சொல்றீங்க?

— ரெண்டு பேர்ல யாரு பொய்யா அழறாங்கன்னு குரலை வச்சே கண்டுபிடிச்சிடுவேன். பொய்யா அழறவங்களைக் கொஞ்ச நேரம் விட்டுடலாம். சத்தமே இல்லாம இருக்கறவங்ககிட்டத்தான் முதல்ல போகணும்.

— ம்ம். இப்ப உங்க பக்கம் ரொம்ப அமைதியா இருக்கு.

— ஆமா மேடம். அதான் எனக்குக் கவலையா இருக்கு.

— என்ன?

— இல்ல, அமைதியான அறைன்னு சொன்னேன்.

— அம்மா, ஒண்ணும் ஆகல. ஆனா மாமா வந்துட்டாரு. பூதத்தையும் இழுத்துட்டுத்தான் போனேன். அவன் சட்டை மட்டும் போடல. கால்சட்டையும் போடல.

— தங்கச்சி! கவலையை விடு! கீழ் வீட்டு அண்ணன் வந்திருக்கேன். உள்ள காத்து வருதா?

— அண்ணே, ஒண்ணும் இல்லண்ணே. நீங்க போங்க. நானே திறந்துக்குவேன்.

— எப்படித் திறப்ப? குழந்தை அழுதுகிட்டே வந்து சொல்லுது, அம்மா செத்துருவாங்கன்னு. நீ பயத்துல என்னவோ பேசற. கவலையை விடு.

— யாரு அது? ஆம்பளைக் குரல் கேக்குதே?

— டிவி மேடம்.

— டிவியில உங்களைத் தங்கச்சின்னு கூப்பிடறாங்களா?

— பழைய படம் மேடம். அதுல எல்லாருமே தங்கச்சிதான்.

— இதெல்லாம் ஒரு கதவா? அட்டைப் பெட்டி. இது என் கை பட்ட கதவு இல்ல தங்கச்சி, என் கதவுன்னா இப்படி மானத்தை வாங்காது. உடைக்க வேண்டாம், கீல் வெளிப்பக்கம்தான் இருக்கு. அதைத் தட்டி எடுத்தா கதவு கையோட வந்துடும். பாப்பா, அந்தச் சுத்தியலை எடு. நீ தள்ளுடா குட்டி, உனக்கு எதுக்கு திருப்புளி?

— மாமா, அவன்கிட்ட அதைக் குடுக்காதீங்க. போன தடவை ஸ்டூலோட காலைக் கழட்டிட்டான்.

— கெட்டிக்காரப் பய. வளந்ததும் என்கிட்ட அனுப்பு தங்கச்சி.

— அண்ணே, வேண்டாம்ணே. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

— யார்கிட்ட கெஞ்சறீங்க? அது என்ன டங்கு டங்குன்னு?

— பக்கத்துல வீடு கட்டறாங்க மேடம். சீக்கிரம் முடிஞ்சிடும். மேல் கீல் போயிடுச்சு... அவங்களுக்கு.

— சரி, கடைசிக் கேள்வி. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. வாடிக்கையாளர்கிட்ட நாம ஒரு பொய் சொல்லிட்டோம். அது பெருசாயிட்டே போகுது. என்ன பண்ணுவீங்க?

— மேடம்...

— சொல்லுங்க.

— கீழ் கீலும் வந்துடுச்சு பாப்பா. எல்லாரும் தள்ளி நில்லுங்க. தங்கச்சி, நீயும் ஓரமா நில்லு!

— அம்மா, ஒண்ணும் ஆகல. ஆனா கதவு விழுந்துடுச்சு.

— என்ன தங்கச்சி, தாழ்ப்பாள் நல்லாத்தானே இருக்கு? ஒரு விரல்ல தள்ளினா வழுக்கிட்டுப் போகுது. உள்ளேருந்து நீதானே போட்டிருக்க?

— அம்மா, ஏன் வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்க? ஏன் நல்ல புடவை? போன்ல யாரு?

— சிட்டு, கொஞ்சம் பேசாம இரு. அண்ணே, தம்பியைப் பிடிங்க, அவன் கதவு மேல ஏறி நிக்கறான். மேடம், இருக்கீங்களா?

— இருக்கேன். எல்லாமே கேட்டுச்சு.

— உங்க கேள்விக்குப் பதில் சொல்லிடறேன் மேடம். ரெண்டு பசங்க, ரெண்டும் வீட்டுலதான். அந்த அத்தை இவங்களைத் தெருவுல பாத்தாலே வேற பக்கம் போயிடுவாங்க. தனி அறைன்னு சொன்னது பாத்ரூம். போன்னு தெரிஞ்சா பிடுங்குவாங்க, குளிக்கறேன்னா நாங்களும் குளிக்கறோம்பாங்க. அதனால மாட்டிக்கிட்டேன்னு சொன்னேன். என்னைக் காப்பாத்துவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

— இப்ப அந்த அறை?

— அறை இருக்கு மேடம். கதவுதான் இல்ல.

— பதிவுல என்ன போடட்டும்?

— இருக்கறதைப் போடுங்க. நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க. உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன். வச்சுடறேன்.

— வைக்காதீங்க. மீன் எப்படி இருக்கு?

— எந்த மீன்... அது உங்களுக்குக் கேட்டுச்சா?

— பால் டம்ளர்லேருந்தே கேட்டுச்சு. எப்படி இருக்கு?

— சிட்டு, மீன்?

— நீந்துது. கொஞ்சம் கோவமா நீந்துது.

— திங்கக்கிழமை சேந்துக்கங்க. 'தனி அறை உண்டு'ன்னே எழுதியிருக்கேன், அதை அடிக்கப் போறதில்ல. அதுக்குள்ள அந்தக் கதவை மட்டும் மாட்டிடுங்க.

— மேடம், நான் இவ்வளவு பொய் சொல்லியும்...

— இது பதிவுக்காக இல்ல. அந்தக் கார்ப்பெண்டர் அண்ணனை எங்க வீட்டுப் பக்கம் மட்டும் அனுப்பிடாதீங்க. நானும் வாளி மேலதான் உக்காந்திருக்கேன்.