மருந்தில்லாத ஊசி

பினாங்குக்குக் கப்பலேறப் போகும் மகனை நாகப்பட்டினம் ரயிலில் ஏற்றிவிட்டு, ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஓர் அம்மாள். பக்கத்தில், பினாங்கிலிருந்து லீவில் வந்திருந்த அவளுடைய ஊர்க்காரர்.

"மருந்தே இல்லாத ஊசியா? மாட்டுக்கா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

"ஆமாக்கா, வெறும் ஊசிதான். அங்க ஒரு சீனாக்கார வைத்தியர், முடி கனத்துல ஊசியை முதுகுல, கால்ல குத்தி வைப்பாரு. நொண்டிக் குதிரை ஒண்ணு நடந்ததை நானே பார்த்தேன்."

"அலகு குத்திக்கிறேன்னு அந்தக் குதிரை முருகனுக்கு வேண்டிக்கிச்சா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"சூடு போட்டும் பார்த்தாச்சு தம்பி. எழுந்திரிக்க மாட்டேங்குது. எம்மவன் பினாங்கு போறதுக்கு முன்னாடி கன்னுக்குட்டியிலேருந்து வளர்த்த மாடு. அவன் வர்றப்ப அது வாசல்ல நிக்கணும்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"நீ திரும்பிப் போறப்ப அவன்கிட்ட சொல்லுப்பா. அந்த வைத்தியத்தைக் கத்துக்கிட்டு வரட்டும்."

"அதைக் கத்துக்க வருஷக்கணக்கா ஆகும்க்கா."

பாலம் முடிந்ததும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப கத்துக்க வேண்டாம்ப்பா. மாடு எழுந்து நின்னுடுச்சு, உன்னைத்தான் தேடுதுன்னு சொல்லு. வரட்டும்."