பிடி அரிசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு, மலேசியா. ஐப்பசி மழை. ஓடுகிறோம்.

தலைக்கு மேல் விசில் போல ஒரு சத்தம். பிறகு 'தும்'. தரை ஆடுகிறது. ரப்பர் பால் வாளியை எறிந்துவிட்டேன். தோட்டத்துக்குப் பின்னாலுள்ள காட்டில்தான் ராணுவத்துக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை என்றார்கள். குண்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மேல் விழுகிறது.

"கானுக்குள்ள எறங்கு! தலய தூக்காத!"

பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் குரல். வடிகால் கானில் படுத்திருந்த என்னிடம் மகள் செல்வியைத் தள்ளிவிட்டு, ஆட்டை அவிழ்க்கத் திரும்பி ஓடினார். மறுபடியும் அந்த விசில். அக்கா வரவில்லை. யாருடைய குண்டு என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

செல்விக்கு மூன்று வயது. தகப்பன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னோடு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராணுவம் வந்தது. காட்டிலிருப்பவர்களுக்கு யார் சோறு போடுவது என்று வீடு வீடாகத் தேடினார்கள். மிச்ச அரிசி வைத்திருந்தாலே சந்தேகம். எங்கள் சின்ன வேதக்கோயிலில், பீடத்துக்குக் கீழே, ஒரு பிஸ்கட் டின் நிறைய அரிசி இருந்தது. பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொட்டுவோம். அதை ஒளிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கோயிலைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர் சாமுவேல். தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவர், நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

"யாருக்கு இந்த அரிசி?"

"கர்த்தருக்குங்க."

கர்த்தர் எந்தக் காட்டில் இருக்கிறார் என்று கேட்டார்கள். அவரை லாரியில் ஏற்றினார்கள். அங்கிருந்து கத்தினார்: "பிடி அரிசிய விட்டுடாத, மேரி!"

அந்த அரிசிதானே வினை.

அவரை அடைத்து வைத்திருந்த ஈப்போவுக்கு பஸ் ஏறுவேன். சிறைவாசல் காவலாளி, "இன்னிக்கு இல்ல லா அக்கா, போயிட்டு வாங்க" என்பான். திரும்பி வந்து அவர் பங்கு மர நிரையையும் சேர்த்து, பால் வடிய மரம் வெட்டுவேன். ஜெபம் வரவில்லை. முழங்கால் மட்டும் போட்டேன்.

ஆனாலும் உலை வைக்கும்போது கை தானாக ஒரு பிடி எடுத்தது. கோயில் பூட்டிக் கிடந்தது. சேர்த்து வைக்கவும் பயம். அந்தப் பிடியைத் தனியாகக் கஞ்சி வைத்துச் செல்விக்கு ஊட்டினேன். கோபத்தோடுதான் ஊட்டினேன். பிள்ளை சிரித்தது. ஒருநாள் நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு ஜெபம் வந்தது.

எழுபத்தெட்டில் விட்டார்கள். கம்பு ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். இடது காது செத்துப்போயிருந்தது. கொட்டும் மழையில் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார்.

"பிடி அரிசி எடுத்தியா?"

செல்வியை முன்னால் தள்ளினேன். "இதோ நிக்குது பாருங்க."

தூக்கப் பார்த்தார். முடியவில்லை. மழையிலேயே உட்கார்ந்து அழுதார்.

இப்போது ஈப்போவில் வாடகை வீடு. களைத்துவிட்டேன். செல்விதான் உலை வைக்கிறாள். தன் அம்மா பேரைச் சொல்லி ஒரு பிடி எடுத்து வைக்கிறாள்.

போனவை இவை. மாரியாயி அக்கா. அவருடைய ஆடு. குண்டு விழுந்த நான்கு வீடுகள். சாமுவேலின் ஒரு காது, ஒரு கால். தோட்டத்தை விற்றபோது கோயிலும் போனது. அரிசியில் மட்டும் ஒரு பிடியும் வீணாகவில்லை.